விவசாயப் பயிற்றுநரைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விவசாயிக்குச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உதவி வேளாண்மை அலுவலர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர், மகளிர் குழுவில் இருந்து வரும் வளப் பயிற்றுநர், முன்னோடி விவசாயி என்று பலர் ஊர் ஊராகப் போகிறார்கள். ஆனால் இவர்களுக்கு யார், எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு விவசாயி தப்பாகப் புரிந்துகொண்டால் அவர் கொல்லை மட்டும்தான் பாதிக்கும். பயிற்றுநர் தப்பாகப் புரிந்துகொண்டால் அவர் போகிற ஊரெல்லாம் பாதிக்கும். மழையை மட்டுமே நம்பிய ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், தவறினால் அந்த வருஷச் சாப்பாடே தவறிப்போகிறது.

அதனால், பயிற்றுநர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஹாலுக்குள்ளேயே முடிந்துவிடும் பயிற்சி

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இரண்டு நாள், ஒரு ஹால், புரொஜெக்டர், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழோடு குரூப் போட்டோ. ராகி விதைத்து அறுக்க மூன்றரை மாதம், நான்கு மாதம் ஆகிறது. அந்த நான்கு மாதத்தையும் ஒரு பிற்பகலில் படமாகப் பார்த்தவர், ‘மழை பதினைந்து நாளாக இல்லை, இப்போது என்ன செய்ய?’ என்று ஒரு விவசாயி கேட்டால் என்ன பதில் சொல்வார்?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1989-இல் இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் என்ற பூச்சியின் தாக்குதலைச் சமாளிக்க, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற முறையைத் தொடங்கியது. நம் ஊரில் ‘பண்ணைப்பள்ளி’ என்று நடப்பது அதன் வழி வந்ததுதான். ஒரே வயலில் ஒரு பருவம் முழுக்க, வாராவாரம் கூட வேண்டும். சில செடிகளைத் தேர்ந்தெடுத்து இலையை எண்ணி, தின்னும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று பார்த்து, சார்ட்டில் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று கூடியிருப்பவர்களே முடிவு செய்ய வேண்டும். விவசாயிகளுக்கு இப்படிப் பள்ளி நடத்தப் போகிற பயிற்றுநர், முதலில் தானே அப்படி ஒரு பருவம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பணம் இரண்டு நாளுக்குத்தான் இருக்கிறதா? சரி, அந்த இரண்டு நாளை நான்கு அரை நாளாகப் பிரியுங்கள். ஆடியில் விதைப்புக்கு முன் ஒன்று, களை எடுப்பின்போது ஒன்று, கதிர் வரும்போது ஒன்று, அறுவடை முடிந்து வரவு செலவு பார்க்க ஒன்று. செலவு பெரிதாக ஏறிவிடாது, பஸ் சார்ஜ்தான் கொஞ்சம் கூடும்.

ஹெக்டேர் கணக்கை அப்படியே ஒப்பிப்பது

பரிந்துரைப் புத்தகத்தில் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்று இருக்கிறது. பயிற்றுநர் அதை ஏக்கருக்கு 5 டன் என்று மாற்றிச் சொல்கிறார். கணக்கு சரி. ஆனால் இரண்டு ஏக்கரும் இரண்டு மாடும் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாட்டுக்கு வருஷத்துக்கு 7 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது மட்கும்போது பாதியாகக் குறையும். மேய்ச்சலில் விழுவது, வாசல் தெளிக்க எடுப்பது போக 3 டன் தேறினால் பெரிது. தேவையோ 10 டன். இந்த இடைவெளியை விவசாயி கணக்குப் போடாமலேயே உணர்வார். பயிற்றுநர் சொல்வது நமக்கானது இல்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிடுவார்.

பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இந்த இடைவெளியைத்தான். இருக்கிற 3 டன்னை எந்தத் துண்டில் போடலாம்? ஊருக்கு வரும் ஆட்டுக்காரரிடம் பேசி, புழுக்கை உரமாக விழ எத்தனை ராத்திரி ஆடுகளைக் கொல்லையில் பட்டி போட வைக்கலாம்? வேலி ஓரத்துக் கொழிஞ்சியைத் தழை உரமாக எப்போது அறுத்துப் போடலாம்? ராகியோடு சால் விட்டு அவரை, துவரை போடும் பழக்கம் எந்தக் கொல்லையில் இன்னும் இருக்கிறது? அந்தப் பயறு வகைகள் காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. அதோடு, மழை பொய்த்து ராகி போனாலும் துவரையாவது கைக்கு வரும். அந்தப் பழக்கத்தைப் ‘பழைய முறை’ என்று தள்ளிவிட்டு ஒற்றைப் பயிராக வரிசை விதைப்பு மட்டும் சொல்லித்தருவதும் பெரிய தவறுதான்.

இயற்கை விவசாயப் பயிற்சியிலும் இதே கோளாறு உண்டு. ஜீவாமிர்தம் என்ற உரக் கரைசலின் செய்முறையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிகிறது. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். மாடே இல்லாத வீட்டுக்கு என்ன வழி, குடிதண்ணீரே குடத்தில் வரும் ஊரில் 200 லிட்டருக்கு எங்கே போவது என்று யாரும் பேசுவதில்லை. அளவும் அப்படித்தான். பஞ்சகவ்யக் கரைசலை 3 சதவீதம் தெளிக்க 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்று சொல்லிக்கொடுக்கிறோம். இன்று பலர் கையில் இருப்பது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். அதில் அதே 300 மில்லியை ஊற்றினால் 2 சதவீதம்கூட வராது. ஊற்ற வேண்டியது 480 மில்லி. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரையும் அவரவர் ஊர் ஸ்பிரேயரை வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். மருந்து விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் நஷ்டம்.

பூச்சி என்றதும் மருந்துப் பெயர் சொல்வது

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டவர்களுக்கு மாவுப்பூச்சியால் பட்ட அடி தெரியும். இந்த வகை மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல்தான் முதன்முதலாக இந்தியாவில், கேரளத்தில், கண்டறியப்பட்டது. அப்புறம் நம் பக்கமும் வந்து, கொழுந்தெல்லாம் கொத்தாகச் சுருண்டு, தண்டு கட்டையாக நின்றது. எந்த மருந்து அடித்தாலும் சுருண்ட கொழுந்துக்குள் மாவுக்கு அடியில் இருக்கும் பூச்சிக்கு முழுசாகப் போய்ச் சேராது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

இந்தக் கதை தெரியாத பயிற்றுநர் என்ன செய்வார்? நல்ல மனதோடுதான் மருந்து எழுதிக் கொடுப்பார். அந்த மருந்து மாவுப்பூச்சியைப் பாதி கொல்லும், குளவியை முழுசாகக் கொல்லும். அதனால் பயிற்சியில் ஒரு பொழுதாவது மரவள்ளிக் கொல்லைக்குள் போய்க் கொழுந்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் பூச்சி வெள்ளைப் பொடியோடு மெத்தென்று இருக்கும். குளவி முட்டையிட்ட பூச்சி பழுப்பாக, உப்பி, கெட்டியான கூடாக மாறியிருக்கும். லென்ஸ் வைத்து ஒருமுறை அந்தக் கூட்டைப் பார்த்தவர், அடுத்தமுறை மருந்துப் பெயரைச் சொல்லும் முன் கொழுந்தைப் பிரிப்பார்.

வேலை செய்கிறவரை விட்டுவிட்டுப் பட்டா உள்ளவரைக் கூப்பிடுவது

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிற வீடுகள் ஏராளம். விதை எடுத்து வைப்பது, களை எடுப்பது, மாட்டைப் பார்ப்பது எல்லாம் பெண்கள்தான். ஆனால் கூட்டத்துக்குச் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் கேட்கிறோம், நிலம் கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கிறது. வருகிறவர் ஊரில் பெரிய மனிதராக இருக்கிறார், அவருக்குப் போர்வெல் இருக்கிறது. நேரமும் காலை பத்து மணி. அப்போது பெண்கள் நூறுநாள் வேலையில் இருப்பார்கள், சாயந்திரம் பால் சொசைட்டி. பயிற்றுநர் ஒரு ஊருக்கு நாள் குறிக்கும் முன், அங்கே பால் ஊற்றும் நேரம் என்ன, சந்தை எந்தக் கிழமை என்று கேட்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே உண்டாக்க வேண்டும்.

மொழியும் அப்படித்தான். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. துண்டறிக்கை தமிழில் இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் இருந்தே பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

விளைச்சலோடு நிறுத்திக்கொள்வது

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை ஒரு மாதத்துக்குள் எங்கிருந்து எங்கே போகும் என்று பார்த்தவர்கள், விளைச்சலைக் கூட்டும் பயிற்சியை மட்டும் நம்ப மாட்டார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கதிர் முற்றும் நேரத்தில்தான் யானைக் கூட்டம் இறங்கும். ராத்திரி பரண்மேல் காவல் இருக்க ஆள் இல்லாத வீட்டில் ராகியின் அருமை பேசி என்ன பயன்? அந்த ஊருக்கு எந்தப் பயிர், எந்தத் துண்டில், எந்த மாதம் என்று விவசாயியோடு உட்கார்ந்து யோசிக்கப் பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும்.

நல்ல விலைக்கு வழி இருக்கும்போது அதையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் முதல் தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. அதற்காக அரசே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. 2024-25-க்கு மத்திய அரசு குறித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். கொள்முதல் நிலையம் எங்கே, என்ன காகிதம் வேண்டும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், குத்தகைக்குப் பயிர் வைத்தவர் அடங்கலுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்றுநர் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

உரக்கடைக்காரரை மறந்துவிடுவது இன்னொரு தவறு. இலை சுருண்டால் விவசாயி அந்தச் செடியைப் பிடுங்கிக்கொண்டு முதலில் ஓடுவது அவரிடம்தான். இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற மத்திய அரசு வேளாண் விரிவாக்க நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. அதைப் படித்தவர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அவரையும் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள். வியாபாரி என்று ஒதுக்கினால், பயிற்றுநர் ஒன்று சொல்வார், கடையில் ஒன்று சொல்வார்கள், நடுவில் நிற்பது விவசாயி.

அப்புறம், பயிற்சி முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அடுத்த பட்டத்தில் ஒவ்வொரு பயிற்றுநரோடும் ஒரு சிறு விவசாயியின் கொல்லைக்குப் போங்கள். பயிற்றுநர் எவ்வளவு பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறினாரோ, அடுத்த பயிற்சியை அந்தக் கேள்வியில் இருந்து தொடங்குங்கள்.