இத்தாலியில் ஒரு க்ரைம் நிருபரும் தொடர்கொலையாளியும்: த்ரில்லர் எழுதும் முறை

முதலில் கதை நடக்கும் ஆண்டை முடிவுசெய்யுங்கள். 1989 அக்டோபரில் இத்தாலியின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அடியோடு மாறியது. அதற்கு முன் பெரிய வழக்குகள் விசாரணை நீதிபதியின் கையில். பிறகு அரசு வழக்கறிஞரின் கையில். நம்ம சினிமா இன்ஸ்பெக்டர்போல ஒரு போலீஸ்காரர் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்தால் விஷயம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். போலீஸும் கராபினியேரியும் (காவல் வேலை பார்க்கும் ராணுவப் பிரிவு) தனித்தனிப் படைகள். நிருபருக்கு ஒன்றில் மட்டும் ஆள் இருக்கட்டும்.

அடுத்து, நிருபரின் பதிவு. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகையாளர் பட்டியலில் முழுநேரத் தொழில்முறையாளர், பகுதிநேரமாக எழுதுபவர் என இரு பிரிவுகள். தகவல் தந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமை, சட்ட வாசகப்படி, முதல் பிரிவுக்கு மட்டுமே. குற்றத்தை நிரூபிக்க அந்தப் பெயர் இன்றியமையாதது என்றால் அவரையும் நீதிபதி சொல்ல வைக்கலாம். நாயகியைப் பகுதிநேர நிருபராக்குங்கள். நெருக்கடி தானாக வரும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். விசாரணை ரகசியத்தை அச்சிட்டால் நிருபருக்கு 30 நாள் வரை காவல், அல்லது 51 முதல் 258 யூரோ அபராதம், அவ்வளவுதான். கசியவிட்ட அதிகாரிக்கோ 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆகவே பயத்தை அந்த அதிகாரி பக்கம் வையுங்கள். நிருபரின் போனை ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதி வேண்டும். சாதாரண வழக்குகளில் 15 நாள், பிறகு நீட்டிப்பு. அத்தியாயங்களை இந்தக் கெடுவை வைத்தே பிரிக்கலாம்.

கொலைகளுக்கிடையே தொடர்பு தாமதமாகத் தெரியட்டும். நிஜத்திலும் அப்படித்தான்: ஃப்ளாரன்ஸ் நகரச் சுற்றுவட்டாரத்தில் நடந்த தொடர்கொலைகளில் 1968 முதல் 1985 வரை 16 பேர் கொல்லப்பட்டனர். 1968 கொலைக்கும் மற்றவற்றுக்கும் ஒரே .22 பிஸ்டல் என்பது 1982-இல்தான் தெரிந்தது. அதற்குள் முதல் கொலைக்கு ஒருவர் தண்டனையே பெற்றிருந்தார். நாயகிக்குத் துப்பு பழைய வழக்குக் கோப்பில் கிடைக்கட்டும், கனவில் வேண்டாம். நிருபரே சந்தேக வளையத்துக்குள் வருவதும் மிகையல்ல: அந்த வழக்கைப் பல ஆண்டுகள் எழுதிய மாரியோ ஸ்பெட்ஸி 2006-இல் கைதாகிச் சில வாரம் சிறையில் இருந்தார்.

கொலையாளியின் கடிதம் வேண்டுமென்றால் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பாதீர்கள், அது தேய்ந்த உத்தி. அந்த ஃப்ளாரன்ஸ் வழக்கில் 1985-இல் கொலையாளியின் பெயரில் வந்த உறை அரசு வழக்கறிஞர் ஒருவருக்குத்தான் போனது. நாயகி அதைப் பார்க்க வேண்டுமானால் யாராவது கசியவிட வேண்டும். அந்த ஆளுக்குத்தான் 3 ஆண்டு சிறை காத்திருக்கிறது.