நாலு வயது வரை பின்பக்கம் பார்த்த சீட்

"காலை மடக்கிக்கிட்டே வருதே, பிள்ளைக்கு வலிக்காதா தம்பி?" என்று ஆத்தா இன்றைக்கும் கேட்பதுண்டு. என் மகளுக்கு மூன்றரை வயது. காரில் பொருத்திய குழந்தை சீட்டில் இன்னமும் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்கார்ந்து வருகிறாள். வளவில் மணிக்கணக்காகச் சம்மணம் போட்டு விளையாடுகிறவளுக்குக் கால் மடங்குவது ஒரு சிரமமே இல்லை. என் பயமெல்லாம் கழுத்தைப் பற்றித்தான்.

இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். கழுத்தெலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் எதிரே மோதினால் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். பின்னால் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது. ஸ்வீடனில் 1960களிலேயே இதற்கான சீட்டைச் செய்துபார்த்தார்கள். அங்கே நாலு வயது வரைகூட இப்படி உட்கார வைப்பது சாதாரணம்.

மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் ஆத்தா முதலில் சொன்னது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ பிள்ளை 140 கிலோ கனத்தோடு கையை விட்டு இழுக்கும். கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்புறம் ஆத்தா மடியைப் பற்றிப் பேசவில்லை.

முதல் சீட்டை அளக்காமல் வாங்கிவிட்டேன். 13 கிலோ வரைக்குமான சின்ன சீட் அது. ஒன்றேகால் வயதிலேயே மகளின் தலை விளிம்புக்கு வந்துவிட்டது. அதனால் பெட்டியில் 'பின்பக்கம் பார்த்து' என்று இருந்தால் போதாது. எத்தனை கிலோ, எத்தனை செ.மீ. வரை அப்படி உட்கார வைக்கலாம் என்று பாருங்கள். ஒரே சீட்டுக்கு முன்பக்கம் ஒரு அளவும் பின்பக்கம் ஒரு அளவும் இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்க அளவு. ஐரோப்பிய சீட் என்றால் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் ஆர்129 (R129) என்ற பாதுகாப்பு விதி எண் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த விதிப்படி 15 மாதத்துக்கு முன் முன்பக்கம் திருப்பவே கூடாது. அளவும் பிள்ளையின் உயரத்தை வைத்துத்தான். 105 செ.மீ. வரை பின்பக்கம் தாங்குகிற சீட்டாகப் பிடித்தோம். நம் நாட்டுத் தரத்துக்கு ஏஐஎஸ் 072 என்று பெயர். 2019 திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குள் உள்ள பிள்ளை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் வந்தால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சீட்டுக்குக் காரையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இந்த வகை சீட் முன் இருக்கையைத் தள்ளும். நான் உயரம் என்பதால் டிரைவர் பின்னால் வைத்துப் பார்த்தபோது ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது, இடப்பக்கம் மாற்றினோம். குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கம்பி வளையம் காரில் இருக்கிறதா, சீட்டிலிருந்து கீழே இறங்கும் தாங்கு கால் தரையில் அழுந்தி நிற்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் சாமான் பெட்டி இருக்கும். அதன் மூடி மேல் தாங்கு காலை ஊன்றலாமா என்று காரின் கையேடு, சீட்டின் கையேடு இரண்டையும் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்கிறதென்றால் அங்கே இதை வைக்கவே கூடாது. விரிகிற பை சீட்டின் முதுகில் அறையும், அது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

யாரோ பயன்படுத்திய சீட் மலிவாக வந்தது, வேண்டாம் என்றேன். விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்துத் தெரியாது.

தோளில் மாட்டுகிற பெல்ட் பட்டை, சீட்டில் பிள்ளையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ தொடங்க வேண்டும். இழுத்து மாட்டியபின் விரலால் கிள்ளினால் பட்டை மடங்கக் கூடாது. சித்திரை வெயிலில் காரைக்குடி வீதியில் நின்ற காரின் பக்கிள் சுடும். சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டு வைக்கிறோம், தொட்டுப் பார்த்தே மாட்டுகிறோம்.

தை மாதம் குன்றக்குடி சாலையில் காவடியும் பாதயாத்திரையுமாகக் கூட்டம் போகும், அடிக்கடி பிரேக் போட வேண்டிவரும். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல, மகள் பின்னால் போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டே வருவாள்.

வீட்டு முகப்பின் கதவு நிலையில் பென்சிலால் அவள் உயரத்தைக் குறித்து வருகிறேன். போன வாரம் 98 செ.மீ.