தூங்கா நகரத்தில் ஐந்தரைக்கு எழுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

இரண்டு வருடம் முன்பு ஜனவரி 1-ஆம் தேதி, எல்லாரையும் போல நானும் ஒரு சபதம் எடுத்தேன். அதுவரை ஏழே முக்காலுக்கு எழுந்துகொண்டிருந்தவன், நேராக நாலரைக்கு அலாரம் வைத்தேன். முதல் நாள் எழுந்தும் விட்டேன். ஹாலில் லைட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்க எழுந்து வந்த அம்மா, "ஏன்டா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான்காம் நாள், வேலை பார்க்கும் கடையில் 9,400 ரூபாய் பில்லை 94,000 என்று அடித்தேன். வாங்க வந்தவர் சிரித்தார், முதலாளி சிரிக்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து பழையபடி ஏழே முக்கால்.

இப்போது பெரும்பாலான நாட்களில் ஐந்தரைக்கு எழுகிறேன். இடையில் என் மன உறுதி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், தூக்கத்தையும் வரவு செலவாகப் பார்க்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். காலையில் எடுக்கிற இரண்டு மணி நேரத்தை முந்தைய இரவில் வரவு வைக்காவிட்டால், உடம்பு அதைப் பகலில் வட்டியோடு பிடித்துக்கொள்ளும்.

படி 1: எதற்காக எழப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"சீக்கிரம் எழுந்தால் நல்லது" என்பது யாரையும் பாயிலிருந்து எழுப்பாது. அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை வேண்டும், அதுவும் உங்களுக்குப் பிடித்த வேலையாக.

எனக்குக் கிடைத்த பலன்கள் எல்லாம் சின்னச் சின்னவை. வயிறு அவசரமில்லாமல் காலியாகிறது. இட்லியை நின்றுகொண்டே விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. மதுரை வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் நடைப்பயிற்சி என்றால் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஏழு மணி வரை போன் அடிக்காது, வாட்ஸ்அப் குழுக்களில் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ மட்டும்தான் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை, பகலில் மூன்று மணி நேரம் பிடிக்கிற பாடம் காலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்கிறாள். பாடம் அதேதான், நடுவில் கூப்பிட ஆள் இல்லை.

விடியற்காலையில் எழுந்தால் பணம் கொட்டும், சாதித்தவர்கள் எல்லாம் நாலு மணிக்கு எழுகிறவர்கள் என்று சொல்லும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. என் அம்மா முப்பது வருடமாக நாலே முக்காலுக்கு எழுகிறார். அதை யாரும் நல்ல பழக்கம் என்று பாராட்டியதில்லை, அதற்கு வீட்டு வேலை என்றுதான் பெயர். நீங்கள் எழுந்து அமைதியாகப் படிக்கும் நேரத்தில் உங்களுக்காக யாரோ பால் காய்ச்சுகிறார் என்றால், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதிலிருந்தே தொடங்கலாம். எழுந்திருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இன்னொன்று. இரவுப் பணிக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும் இந்தப் பதிவை மூடிவிட்டுத் தூங்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தாமதமாக ஓடும். அவர்களைச் சோம்பேறி என்று திட்டிப் பிரயோஜனம் இல்லை.

படி 2: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். எனக்கு ஏழேகால் இருந்தால்தான் பகலில் கொட்டாவி வராது. ஐந்தரையிலிருந்து ஏழேகால் மணி நேரம் பின்னால் போனால் இரவு பத்தேகால். படுத்தவுடன் யாருக்கும் தூக்கம் வராது, அதற்கு ஒரு அரை மணி. ஆக, ஒன்பதே முக்காலுக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நடக்காது என்றால் ஐந்தரையை விட்டுவிட்டு ஆறேகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சீக்கிரம்தான்.

"ஒரு மணி நேரம் குறைந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், கனவு வரும் தூக்கம் பின்னிரவில் அதிகம். கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டினால், வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்தக் கனவுத் தூக்கம்தான். படித்ததும் பழகியதும் மனதில் படிவதில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள். பரீட்சைக்கு முந்தைய இரவு விழித்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 3: பதினைந்து நிமிடம், மூன்று நாள்

எழும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், படுக்கும் நேரத்தையும் அதே அளவு. மூன்று நாள் அப்படியே இருங்கள், அப்புறம் அடுத்த பதினைந்து. ஏழே முக்காலில் இருந்து ஐந்தரைக்கு வர 135 நிமிடம், அதாவது ஒன்பது தவணை, 27 நாள். காகிதத்தில் அப்படி. எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. ஆறரையில் போய் நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்று ஒரு வாரம் அடம்.

படி 4: மொட்டை மாடிக்குப் போங்கள்

ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தினமும் மணியைச் சரிசெய்துகொள்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காலை வெளிச்சம் பட்டால் அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். இரவு வெளிச்சம் பட்டால் தூக்கம் தள்ளிப்போகும், ஏனென்றால் இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் தாமதமாகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; வீட்டு டியூப் லைட்டின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான காலையிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஜன்னலோரம் உட்காருவது போதாது, மாடிக்குப் போக வேண்டும்.

ஜனவரியில் நான் செய்த தப்பும் இங்கேதான் புரிந்தது. நாம் வழக்கமாக எழும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும், அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னால் தள்ளும். ஏழே முக்காலுக்கு எழுந்து பழகியவன் நாலரைக்கே எழுந்து ஹால் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தால், உடம்புக்கு அது நடு இரவு. தினமும் கடிகாரத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்பு தொடங்கி, ஒரு முகூர்த்தம் முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். மதுரையில் ஜூன் தொடக்கத்தில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது. அப்போது அது சுமார் 4:24 முதல் 5:12 வரை. ஜனவரிக் கடைசியில் 6:40 அளவில்தான் உதயம், எனவே ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்கும். வருடம் முழுக்க நாலரைக்கு அலாரம் வைப்பவர் ஜனவரியில் அரை மணி தூக்கத்தைச் சும்மா தொலைக்கிறார்.

படி 5: இரவை ஒழுங்கு செய்யுங்கள்

மதுரையில் இதுதான் கஷ்டம். இரவு பதினொன்றுக்குப் பரோட்டாக் கல்லில் கொத்துச் சத்தம் கேட்கும் ஊரில் ஒன்பதே முக்காலுக்குப் படுக்கப் போகிறேன் என்றால் நண்பர்கள் என்னைத் தாத்தா என்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் அவர்களோடு கறி தோசைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் எட்டு மணிக்குள் சாப்பாடு.

மாலை டீயை மூன்று மணிக்கு மாற்றினேன். டீ, காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினோரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். போனை ஹாலிலேயே விடுங்கள். அப்புறம், கோடையில் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பாக ஒரு குளியல். உடம்புச் சூடு இறங்க அது உதவும்.

படி 6: அலாரத்தைத் தட்டில் வையுங்கள்

போன் ஹாலில் இருந்தால் அலாரம்? ஹாலில் பீரோ மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டுக்குள் போன், வைப்ரேஷன் போட்டு. ஐந்தரைக்கு அது அதிரும்போது கல்யாண மண்டபத்துப் பாத்திரம் உருள்வது போலக் கேட்கும். தாத்தா எழுவதற்குள் ஓடிப்போய் நிறுத்தியாக வேண்டும், ஸ்நூஸுக்கு வழியே இல்லை.

எழுந்த முதல் பதினைந்து, இருபது நிமிடம் தலை மந்தமாக இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் எதையும் யோசிக்க விடாதீர்கள். நான் இரவே ஃபில்டரில் காபித்தூளைப் போட்டு, அழுத்து தட்டால் லேசாக அழுத்தி, மூடி வைத்துவிடுகிறேன். காலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி, மாடிக்குப் போய்விடுவேன். தரை வெறுங்காலுக்கு ஜில்லென்று இருக்கும். எதிர்வீட்டு வேப்பமரத்தில் குயில் தொடங்கியிருக்கும், பால்காரர் வண்டி ஸ்டாண்ட் போடும் சத்தம் வரும். கிழக்கே வெளுத்து, இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தால் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்திருக்கும். அம்மாவுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒன்று. முதல் நாள் அதை வாங்கிக்கொண்டு, "தூள் கம்மி" என்றார். மறுநாளும் வாங்கிக்கொண்டார்.

படி 7: ஞாயிறும், தவறும் நாட்களும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் திங்கள் காலை வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது போல இருக்கும். தூக்கம் போதவில்லை என்றால் மதியம் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணயருங்கள், போதும். போதுமான நேரம் தூங்கியும் பகலெல்லாம் சொக்குகிறது, இரவில் பலமாகக் குறட்டை வருகிறது என்றால் அலாரத்தை நோண்டாமல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறாக இருக்கலாம்.

எழும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு நாள் தவறினால் கண்டுகொள்ள வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் அரை மணி பின்னால் போய், அங்கிருந்து மறுபடி பதினைந்து பதினைந்தாக இறங்குங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் அன்று ஊரே விடிய விடிய ஆற்றங்கரையில்தான் நிற்கும். நானும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்துக்கு என் நோட்டில் வெறும் கோடுகள், அடுத்த திங்கட்கிழமைக்கு நேராக 6:00.