ஐ5 வாங்குவோர் செய்யும் தவறுகள், குறிப்பாக அந்த ஒன்று

பி.எம்.டபிள்யூ 5 சீரிஸின் எட்டாம் தலைமுறை 2023இல் வந்தது. முழு மின்சார ஐ5 அதோடுதான் முதன்முதலாக வந்தது. பெட்ரோல் காரில் ஊறியவர்கள் இதற்கு மாறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடுவது என் வேலை. சார்ஜ் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்கிற ரகப் புத்திமதி இங்கே கிடையாது.

விலை கூடினால் தூரமும் கூடும் என்று நினைப்பது

கூடாது. ஐ5இன் ஈடிரைவ்40, எம்60 என்ற இரண்டு மாடல்களிலும் இருப்பது அதே 81.2 கிலோவாட்-ஹவர் (kWh) பேட்டரிதான். எம்60க்கு 601 குதிரைத்திறன், இரண்டு மோட்டார். 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் தொடும். ஆனால் 2023இல் வந்தபோது டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனை முறைக் கணக்கில், ஒரு முழு சார்ஜில் அதிகபட்சம் 516 கிலோமீட்டர். விலை குறைந்த ஈடிரைவ்40க்கோ 582.

போன் மேப்பைப் போட்டுக்கொண்டு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். குளிர்கால விடியலில் ஒருவர் நெடுஞ்சாலைச் சார்ஜருக்கு வந்தார். காரின் திரையில் ஐபோனைக் காட்டும் கார்ப்ளே, வழி சொன்னது போன். பிளக்கைச் செருகினார், வேகம் 40 கிலோவாட்டைத் தாண்டவில்லை. சார்ஜர் ரிப்பேர் என்று அடுத்ததற்கு மாற்றினார். அங்கேயும் அதே கதை. பிறகு எனக்குப் போன் போட்டு, “205 கிலோவாட்னு சொல்லித்தானே வித்தாங்க?” என்று பொரிந்து தள்ளினார்.

விற்றவர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார். 205 என்பது உச்சம். பேட்டரி கதகதப்பாகவும் ஏறக்குறைய காலியாகவும் இருக்கும்போதுதான் அது கிடைக்கும், அதுவும் கொஞ்ச நேரம். குளிர்ந்த செல்லுக்குள் மின்சாரத்தை வேகமாகத் தள்ளினால் லித்தியம் ஆனோடுக்குள் (செல்லின் எதிர்முனை) நுழைய முடியாமல் மேலேயே படிந்துவிடும், பேட்டரி கெடும். அதனால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

சார்ஜர் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். காரின் சொந்த நேவிகேஷனில் அந்தச் சார்ஜரைப் போட்டால்தான் அதற்குத் தெரியும். போன் மேப்பை விடவே மனமில்லை என்றால், சார்ஜிங் மெனுவுக்குள் போய் நீங்களே சூடாக்கலைத் தொடங்கலாம். கடைசி நிமிடத்தில் தொடங்கிப் பயனில்லை.

போதாக்குறைக்கு அவர் வந்தபோது பேட்டரி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, நூறு வரை ஏற்றியே தீருவேன் என்று வேறு நின்றார். 10இலிருந்து 80 சதவீதம் ஏற, எல்லாம் கூடிவந்தால் அரை மணி நேரம். 80க்கு மேல் நத்தை வேகம். நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடமென்றால் அந்த நத்தைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

வால்பாக்ஸை (வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜர்) மாட்டிவிட்டுக் காரைப் பார்ப்பது

சார்ஜிங் மூடி வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே. கார் நீளம் 5.06 மீட்டர். மூக்கை உள்ளே விட்டு நிறுத்துபவர், முன்சுவரில் வால்பாக்ஸை மாட்டினால் கேபிள் காரின் முழு நீளத்தையும் தாண்டி வர வேண்டும். காரை எப்படி நிறுத்துவீர்கள் என்று முடிவு செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு ஏ.சி. மின்சாரத்தில் (மாறுதிசை மின்னோட்டம்) சார்ஜ் வேகம் வழக்கமாக 11 கிலோவாட். 22 வேண்டுமென்றால் ஆர்டர் போடும்போதே கேட்க வேண்டும், வீட்டில் மூன்று ஃபேஸும் வேண்டும்.

பானெட்டுக்குள் பெட்டி வைக்க இடம் தேடுவது

இல்லை. பின்னால் 490 லிட்டர், அவ்வளவுதான்.

மலிவு டயர்

வண்டி 2 டன்னுக்கு மேல். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு இண்டெக்ஸ் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.