குடும்பிமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு

மட்டக்களப்பின் மேற்குக் காட்டில் தனித்து நிற்கும் அந்தப் பாறைக்கு மூன்று பெயர். உச்சியில் முடிந்த குடும்பிபோல் முண்டு இருப்பதால் நமக்குக் குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. ஆங்கிலேயர் 'பேரன்ஸ் கேப்' என்றார்கள். மூன்று பெயரும் தலையைச் சுற்றியே வருகின்றன. திம்புலாகலையைக் 'கன்னர்ஸ் கொயின்' என்றும் அம்பாறைப் பக்கத்துக் கோவிந்தமலையை 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' என்றும் அழைத்ததும் அவர்கள்தான். எல்லாம் தூரத்தில் நின்று உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். உள்ளே நடக்கிறவனுக்கு அவற்றால் பயன் இல்லை.

பயன் தருபவை காலால் நடந்தவர்கள் வைத்த பெயர்கள். வேடரும் தேன் எடுப்போரும் மாட்டுப் பட்டிக்காரரும் நிலத்தையே பெயராக்கி விட்டுப் போயிருக்கிறார்கள். மயிலத்தமடுவில் உள்ள 'மடு' கோடையிலும் நீர் நிற்கக்கூடிய பள்ளம். மாவடியோடையில் 'ஓடை' இருக்கிறது. மழை பெய்தால் அதைக் கடக்க யோசிக்க வேண்டும். பேரில்லாவெளி, கோராவெளி என்பவை மரமில்லாத திறந்த நிலம்: வெயில் நேரடியாக விழும், ஆனால் யானையைத் தூரத்திலேயே காணலாம். தரவை என்றால் மாரியில் சேறு, கோடையில் புல். கைத்தொலைபேசி வரைபடத்தில் வெறும் பச்சையாகத் தெரியும் இடத்தை இந்தப் பெயர்களைக் கொண்டு வாசித்துப் பழகுங்கள்.

போர்க்காலத்தில் இந்தக் காடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2007 யூலை 11ஆம் திகதி இராணுவம் மலையைக் கைப்பற்றியது. ஒரு பாதையில் இரண்டு மாரி ஆள் நடக்காவிட்டாலே சூரையும் ஈச்சையும் அதை மூடிவிடும். பல ஆண்டு மூடிக் கிடந்த காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பழைய வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அங்கே பாதை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எப்போது போவது

பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மாரி வடிந்து நிலம் இறுகியிருக்கும், மடுக்களில் நீரும் இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம்: முந்தனையாறு பெருகினால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, அக்கரை மக்களே படகில்தான் வந்து போவார்கள். காலையில் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். யூன், யூலையில் கச்சான் என்ற வறண்ட காற்று உடம்பின் நீரை உறிஞ்சிவிடும். பாலைப்பழம் பழுக்கும் காலமும் அதுதான். பழத்தைத் தேடிக் கரடி வரும்.

அனுமதியும் ஆளும்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது கிரானிலுள்ள கோறளைப்பற்று தெற்கு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு, மலையடியில் எதுவரை போகலாம் என்பது அங்கே தெளிவாகும். ஒதுக்கப்பட்ட காட்டுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். மலைக்கு மேற்கே 1983இல் அறிவிக்கப்பட்ட மாதுறு ஓயா தேசிய பூங்கா கிடக்கிறது. அதற்குள் நினைத்தபடி கால்நடையாகத் திரிவது சட்டப்படி குற்றம். காட்டில் எல்லைக்கு வேலி இருக்காது. தெரியாமல் நுழைந்தேன் என்ற விளக்கம் எடுபடாது.

வழிகாட்டி கட்டாயம். அந்த வழியில் மாடு வைத்திருக்கும் பட்டிக்காரர் ஒருவரைவிடச் சிறந்தவர் கிடைக்கமாட்டார். நேற்று யானை எங்கே தண்ணீர் குடித்தது, எந்த மடு வற்றிவிட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் அவர் பட்டியை விட்டு வருவதென்றால் மாட்டைப் பார்க்க இன்னொருவரை வைக்க வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்து முன்பே பேசுங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை வெளியார் பிடித்துப் பயிரிடுவதை எதிர்த்து 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் போராட்டம் தொடங்கினார்கள். புதிதாக வருகிறவரை அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கலாம். ஆகவே கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், பட்டிக்கு நடுவே வாகனத்தை விடாதீர்கள். வழிகாட்டி "இண்டைக்கு வேணாம் தம்பி, திரும்புவம்" என்றால் காரணம் கேட்டு நிற்காமல் திரும்புங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

நான்கு முதல் ஆறு பேர் போதும். குறைந்தால் அடிபட்டவரைத் தூக்க ஆள் இல்லை. கூடினால் சத்தம் அடங்காது. ஆளுக்கு ஐந்து லீற்றர் நீரை இரண்டு மூன்று போத்தல்களில் பிரித்து வையுங்கள், ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். நீரில் பாதி முடிந்ததும், எங்கே நின்றாலும், திரும்ப வேண்டும். மடு நீரில் மாடும் யானையும் இறங்கும். கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) நான்கு பக்கற், நீளக் காற்சட்டை, அதன்மேல் இழுத்துவிட்ட காலுறை (உண்ணிக்கு இதுதான் மருந்து), ரோச், விசில், அகலத் துணிக்கட்டு, கத்தி. சப்பாத்தின் அடி மென்மையான இறப்பராக இருக்கட்டும். கடினமான பிளாஸ்ரிக் அடி பாறையில் வழுக்கும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள். நாயைக் கூட்டிப்போகவே கூடாது. யானையையோ கரடியையோ குரைத்துச் சீண்டிவிட்டு அது உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், துரத்துவதும் பின்னாலேயே வரும்.

நடக்கும்போது

யானை கூடுதலாக நடமாடுவது மாலை நான்கு மணியிலிருந்து விடியும்வரை. எனவே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு நடக்கத் தொடங்கி, மூன்று மணிக்குள் வாகனத்துக்குத் திரும்பும்படி கணக்குப் போடுங்கள். இலத்தி ஈரமாக, இளஞ்சூடாக இருந்தாலோ, ஒடிந்த கிளையில் பால் வடிந்துகொண்டிருந்தாலோ யானை அருகில்தான். நின்று காது கொடுங்கள், கொஞ்சம் மண்ணை உதிர்த்துக் காற்றின் திசையைப் பாருங்கள். காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் அது உங்களை ஏற்கெனவே அறிந்துவிட்டது. வந்த வழியே விலகுங்கள். தனியன் (கூட்டத்தைப் பிரிந்து தனியே திரியும் யானை) என்றால் இரட்டிப்புத் தூரம் விடுங்கள். துரத்தினால் பையை எறிந்துவிட்டு பெரிய பாறைக்கோ பெருமரத்துக்கோ பின்னால் போங்கள். திறந்த வெளியில் நேராக ஓடி யானையை வெல்ல முடியாது.

பாறையில் மழைநீர் இறங்கிய கறுப்புக் கோடுகளில் மிதிக்காதீர்கள். காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தோன்றும்; ஒரு தூறல் விழுந்தால் சவர்க்காரம்போல் ஆகிவிடும். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால், கைவைத்து ஏறவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் முதலில் பாதிதூரம் ஏறி, இறங்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். உச்சிக் குடும்பியின் நேர்ச்சுவரில் கயிறும் பயிற்சியும் இல்லாதவருக்கு வேலை இல்லை. பத்து மணிக்குப் பிறகு வெறும் பாறை கொதிக்கும்.

பாறை விளிம்பின் அடியில் பெருந்தேனீ அடை தொங்கும். புகை, சத்தம், கல்லெறி எதுவும் ஆகாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல் துணியால் முகத்தை மூடி, நிற்காமல் ஓடி மரச்செறிவுக்குள் போகவேண்டும். குகைவாயை நெருங்குமுன் சத்தமாகப் பேசுங்கள். உள்ளே கரடி இருந்தால் விலக அவகாசம் கிடைக்கும். பழைய செங்கல்லோ எழுத்துள்ள கல்லோ கண்டால் அசைக்காதீர்கள். புதையல் தோண்டுவோரால் இந்தப் பக்கத்தில் போனது போதும்.

2017இல் மட்டக்களப்பு மிதிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் வெள்ளம் மண்ணைப் புரட்டும் நிலம் இது. மாட்டுத்தடத்தை விட்டு விலகாதீர்கள். துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி 119 பொலிஸ் இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

புடையன் பாம்பு கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலைத் தடி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிவாருங்கள். போகும்போதே கைத்தொலைபேசியில் கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் அங்கிருந்து 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். காட்டுத் தடத்தில் அம்புலன்ஸ் வராது. வீதிவரை கொண்டுவர உழவு இயந்திரம் ஒன்றை முதல் நாளே பேசிவையுங்கள்.

வீடு வந்ததும் கக்கம், இடுப்பு, காதின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதையும் மடுவில் இறங்கியதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல்போலவே இருக்கும்.