கோனனை முந்த நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து 'டிடெக்டிவ் கோனன்' பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கோடு போட்ட நோட்டு. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். 11ஆவது எபிசோட். அவன் முதலில் அடித்த பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் அதே பெயரைத்தான், அதே உறுதியோடு, முதலில் அடித்தேன்.

1994இல் மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கி, 1996 முதல் அனிமேயாக, அதாவது அனிமேஷன் தொடராக ஓடிக்கொண்டிருக்கும் தொடர் இது. ஒரு மருந்தால் சிறுவனாகிவிட்ட ஷினிச்சி என்ற துப்பறிவாளன், கோனன் என்ற பெயரில் கொலை வழக்குகளைத் தீர்ப்பதுதான் கதை. எபிசோடுகள் ஆயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. விடையை முன்னாலேயே தேடிப் படிக்காதீர்கள், பாதித் தூக்கத்தில் பார்க்காதீர்கள் என்பதையெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

மூன்றில் ஒருவரைக் காட்டிவிட்டு மார்தட்டுவது

கோனன் வழக்குகளில் பெரும்பாலும் மூன்று பேர்மீதுதான் சந்தேகம் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாலும் மூன்று முறைக்கு ஒரு முறை பலிக்கும். ஐந்தாவது நிமிடத்தில், "மாமா, அந்த மீசைக்காரர்தான்!" என்று மருமகன் கத்துவான். சில நாள் பலித்தும்விடும். அன்றைக்கு இரவுச் சாப்பாடுவரை அவனைப் பிடிக்க முடியாது.

உள்ளே பூட்டிய அறையிலிருந்து எப்படி வெளியே வந்தார்? அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாகச் சொன்னாரே, அது எப்படிப் பொய்? கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம் எது? இவற்றுக்குப் பதில் இல்லாமல் ஆளை மட்டும் சொல்வது லாட்டரிச் சீட்டு.

இரண்டு பாகமாக வரும் வழக்கு என்றால் முதல் பாகம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். துப்புகளில் பெரும்பகுதி அதற்குள் வந்திருக்கும். உங்கள் விடையை எழுதிவைத்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். அடுத்த எபிசோடுக்கான முன்னோட்டத்தோடு ஒரே ஒரு சொல்லைத் துப்பாகச் சொல்லும் வழக்கம் இத்தொடரில் உண்டு. வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இன்னொன்று, கோனன் குழந்தைக் குரலில் "அரேரே?" என்று இழுத்தால் கையிலிருக்கும் முறுக்கைக் கீழே வையுங்கள். பெரியவர்களின் கண்ணைத் துப்பின் பக்கம் திருப்ப அவன் போடும் நாடகம் அது. நம் கண்ணையும் திருப்பத்தான்.

சப்டைட்டிலை வைத்துத் துப்பறிவது

11ஆவது எபிசோடைப் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போங்கள். ஆளைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை.

த்சுகிகாகே என்றொரு சிறு தீவு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அசோ கெய்ஜி என்ற பியானோ கலைஞர் அங்கே குடும்பத்தோடு தீயில் மாண்டிருக்கிறார். இப்போது பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா' ஒலிக்கும்போதெல்லாம் ஒரு பிணம் விழுகிறது. கெய்ஜிக்கு செய்ஜி என்று ஒரு மகன் இருந்ததும், அவன் அந்தத் தீயில் சிக்கவில்லை என்பதும் பிறகு தெரிய வருகிறது. நான் நோட்டை எடுத்தேன். பழிவாங்க வந்தவன் மகன். ஆகவே ஆண்கள் மட்டும் இருக்கட்டும். டாக்டர் அசாய் நருமி பெண். அவர் பெயர் மேல் ஒரு கோடு.

நருமிதான் செய்ஜி. பெண் வேடத்தில் இருந்தார்.

வேடத்தில் ஏமாந்ததற்காக நான் வருத்தப்படவில்லை, ஜப்பானியரும் ஏமாந்திருப்பார்கள். 'நருமி' என்ற பெயரை எழுதும் இரண்டு காஞ்சி எழுத்துகளை (ஜப்பானியர் பயன்படுத்தும் சீனவழி எழுத்துகள்) 'செய்ஜி' என்றும் படிக்கலாம் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விடை பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எனக்குக் கிடைத்ததோ சப்டைட்டிலில் ஆங்கில எழுத்தில் ஒரு நருமி. அதற்கு ஒரே ஒலிதான். நானோ அந்தக் கதையில் பியானோ கட்டைகளை எழுத்துகளாக மாற்றும் சங்கேதத்தோடு மூன்று மாலைப்பொழுதுகள் மல்லுக்கட்டினேன். 2021இல் இதே கதையைப் புதிதாக வரைந்து 1000, 1001ஆவது எபிசோடுகளாக ஒளிபரப்பினார்கள். அப்போதும் சப்டைட்டிலில் நருமி நருமியாகவே இருந்தார்.

நம் மொழியில் வைத்துப் பார்த்தால் புரியும். குத்துப்பட்டுச் சாகும் நாட்டியக்காரர் ஒருவர் தரையில் 'பாவம்' என்று எழுதிவிட்டுச் சாகிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா? தமிழில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கதை எழுதுபவருக்கு அது கரும்பு. அதையே ஆங்கில எழுத்துக்கு மாற்றுகிறவர் ஏதாவது ஒரு ஒலியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த நொடியில் புதிர் போய்விடுகிறது.

பெயர்களோடு இது நிற்பதில்லை. ஜப்பானிய வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் கிடையாது. கொலையாளி 'வந்தானா, வந்தாளா' என்று சொல்லாமலே ஒரு முழு விசாரணையை நடத்திவிடலாம். ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் 'அவன்' என்று போட்டுவிடும். அந்த ஒரு 'அவனை' நம்பி இன்னொரு வழக்கில் இரண்டு பெண்களைப் பட்டியலிலிருந்து வழியனுப்பிவைத்தவன் நான். 'நான்' என்ற சொல்லும் அப்படித்தான். பெரியவர்கள் முன்னால் குழந்தையாக நடிக்கும்போது கோனன் தன்னை 'போகு' என்கிறான். ஷினிச்சியாகத் தனக்குள் பேசும்போது 'ஓரே'. பெரும்பாலும் பையன்கள் சொல்லும் அந்த 'போகு'வைத்தான் செரா மசுமி என்ற பெண்ணும் சொல்கிறாள். அவளை ஆண் என்று நினைத்தவர்கள் கதைக்குள்ளேயே உண்டு. சப்டைட்டிலில் எல்லாமே 'நான்'.

எண்களைக் கேட்கவே வேண்டாம். ஷினிச்சியைச் சிறுவனாக்கிய மருந்தின் எண் 4869. ஷி, யா, ரோ, கு என்று அதைப் படித்தால் ஷெர்லாக் வருகிறார்.

இதற்காக ஜப்பானிய மொழிப் பட்டம் வாங்கச் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து பத்துவரை எண்களை, ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளோடு தெரிந்துகொள்ளுங்கள்: நான்குக்கு ஷி, யோன், ஏழுக்கு ஷிச்சி, நானா, ஒன்பதுக்குக் கு, க்யூ. ஒரு மாலைப்பொழுது போதும். புதிய ஆள் வந்து திரையில் பெயரும் வயதும் விழுந்தால் நிறுத்தி, அந்த எழுத்துகளை வேறு எப்படியெல்லாம் படிக்கலாம் என்று அகராதியில் பாருங்கள். இறந்தவர் எதையாவது எழுதிவைத்திருந்தால் சப்டைட்டில் தரும் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, எழுத்தின் வடிவத்தை மட்டும் முதலில் பாருங்கள். ஒரு கோடு கூடினால் வேறு எழுத்தாகிவிடும் மொழி அது.

கறுப்பு உருவத்தை அளப்பது

வேண்டாம். கொலையாளி யாரென்று தெரியும்வரை அவரைக் கறுப்பு நிழலுருவமாகத்தான் இத்தொடர் காட்டும். குட்டை, நெட்டை, ஆண், பெண் எல்லோருக்கும் அதே கறுப்பு உடம்புதான்.

குரலை வைத்துப் பிடிப்பது

பெயர்பெற்ற நடிகர் சின்ன வேடத்துக்குக் குரல் கொடுத்தால் அவர்தான் குற்றவாளி என்று ஒரு கணக்கு உண்டு. சில வாரங்களில் பலிக்கும். ஆனால் இது கழுத்து டையில் குரல் மாற்றும் கருவி வைத்திருக்கும் சிறுவனின் தொடர். அகாய் ஷூயிச்சி என்பவர்தான் ஓகியா சுபாரு என்ற வேடத்தில் திரிகிறார். அகாய்க்கு ஒரு நடிகர், சுபாருவுக்கு வேறொரு நடிகர் என்பதை மட்டும் நம்பி, இருவரும் வேறு வேறு ஆள் என்று உட்கார்ந்திருந்தவர்களின் கதியை நான் பார்த்திருக்கிறேன்.

வதந்தியைச் சாட்சியாக்குவது

தொடரில் வரும் குற்றக் கும்பலான கறுப்பு அமைப்பில் 'ரம்' என்ற புனைபெயர் கொண்ட ஆளைப் பற்றி முதலில் வந்த அடையாளங்கள்: வாட்டசாட்டமான ஆண், பெண்ணைப் போன்ற ஆண், வயதான கிழவர். மூன்றும் ஒரே ஆளைப் பற்றி. இதில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள் உண்டு. யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா என்று கேட்டவர்கள் குறைவு.

திரைப்படங்களில் பயிற்சி எடுப்பது

கோனன் படங்களில் கட்டடம் வெடித்துக்கொண்டிருக்கும்போது யார் துப்பறிவது? பாப்கார்னோடு பாருங்கள்.

எண்ணை நம்புவது

மேலே நான் 11 என்று சொன்னது ஜப்பானிய எண். அங்கே ஒரே எபிசோடாக வந்த ஒரு மணி நேர, இரண்டு மணி நேரச் சிறப்புக் கதைகளைச் சில வெளிநாட்டுப் பதிப்புகள் துண்டுபோட்டு எண்ணியிருக்கின்றன. அதனால் எண் தள்ளிப்போய், ஒரு வழக்கின் விடைப் பாகத்தை முதலில் பார்த்துத் தொலைத்தேன். தலைப்பைப் பாருங்கள்.