மலைச்சரிவுக் காற்றின் திசைமாற்றத்தை நேரில் கண்டறியும் முறை

வாடிப்பட்டி வயல்வெளியில் நின்று வடக்கே பார்த்தால் சிறுமலை எழுந்து நிற்பது தெரியும். காற்று அமைதியாக உள்ள நாட்களில், அத்தகைய அடிவாரத்தில் பகலெல்லாம் மலையை நோக்கி ஏறும் காற்று, இரவில் மலையிலிருந்து இறங்கி வருகிறது. வாடை, கோடை, தென்றல், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்த நாம், ஒரே நாளில் திசை மாறும் இந்தக் காற்றையும் கவனிக்க வேண்டும்.

மாசி, பங்குனியில், மேகமின்றி இலை அசையாத நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆடி மாதத்தில் தென்மேற்குக் காற்றின் வேகத்தில் இந்த மெல்லிய ஓட்டம் அமுங்கிவிடும். கொட்டாங்குச்சியில் மணல் நிரப்பி, அதில் ஓர் ஊதுபத்தியைச் செருகிக்கொள்ளுங்கள். காட்டின் எல்லைக்கு வெளியே, காய்ந்த புல் இல்லாத வெற்றுத் தரையில் மட்டுமே அதைக் கொளுத்துங்கள். சரிவில் பற்றும் தீ பகல் காற்றோடு சேர்ந்தால் மனிதர் ஓட முடியாத வேகத்தில் மேலேறக்கூடும் என்பதால், இதில் அலட்சியம் கூடாது.

விடியும் முன்பே தொடங்கி, கால் மணிக்கொரு முறை புகையின் திசையைக் குறித்து வாருங்கள். முதலில் புகை ஊர்ப் பக்கமாகத் தாழ்ந்து சாயும். சரிவில் வெயில் விழுந்த சிறிது நேரத்தில் அது தடுமாறி, நூல்போல நேராக எழுந்து, பிறகு மலைப்பக்கம் சாயத் தொடங்கும். அந்தத் தடுமாற்றம் நிகழும் நேரத்தைத் தவறாமல் எழுதிவையுங்கள். அதுவே திசை மாறும் வேளை.

சூடான காற்று மேலேறும் என்பது பாதி விளக்கமே, ஏனெனில் வயலும்தான் சூடாகிறது. ஒப்பிட வேண்டியது ஒரே உயரத்தில் உள்ள காற்றை. 300 மீட்டர் உயரத்துப் பாறையைத் தொட்டிருக்கும் காற்று, அதே 300 மீட்டரில் வயலுக்கு மேலே வெளியில் நிற்கும் காற்றைவிட அதிகம் சூடாகி இலேசாவதால், சரிவை ஒட்டி மேலேறுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சமவெளிக் காற்று வருகிறது. ஏறும் காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் குளிர்வதால், ஈரம் போதுமான நாளில் நண்பகலுக்குள் மலைமுடியில் மேகம் திரளும். இரவில் பாறை வெப்பத்தை இழக்க, அதைத் தொட்ட காற்று கனத்துக் கீழே வழிகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் சரிவுக் காற்று முதலில் மாறும். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓடும் பெருங்காற்று, அவ்வளவு காற்றும் சூடாக வேண்டியிருப்பதால், பின்னரே மாறும்.

மறுநாள் மாலை இரண்டு பத்திகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மேட்டிலும் மற்றொன்றை வறண்ட ஓடையின் மணலிலும் வையுங்கள். குளிர்ந்த காற்று நீரைப்போலப் பள்ளம் தேடி ஓடுவதால், இறங்குகாற்றின் ஓட்டம் ஓடையில்தான் தெளிவாகத் தெரியும்.